பழைய மடிக்கணினிக்குப் புதிய மூளை

சைக்கிளின் டயர் தேய்ந்துபோனால் என்ன செய்கிறோம்? கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் டயரை மாற்றுகிறோம். செயின் அறுந்தால் செயினை மட்டும் மாற்றுகிறோம். டயர் தேய்ந்துவிட்டது என்பதற்காக யாரும் சைக்கிளையே தூக்கி எறிவதில்லை.

ஆனால் மடிக்கணினி விஷயத்தில் நாம் அப்படி நடந்துகொள்வதில்லை. "வேகம் போதவில்லை", "புதிய நிரல்கள் ஏறமாட்டேன் என்கின்றன" என்று சொல்லி, முழு இயந்திரத்தையும் பரணில் போட்டுவிடுகிறோம். அல்லது பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குக் கொடுத்துவிடுகிறோம். திரை நன்றாக இருக்கும். விசைப்பலகை நன்றாக இருக்கும். பழையதாகிப் போனது உள்ளே இருக்கும் ஒரு சிறு சதுர வில்லைதான். அதுதான் கணினியின் மூளை எனப்படும் செயலி.

அந்த வில்லையை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்த முடியாதா? எல்லா மடிக்கணினிகளிலும் முடியாது. ஆயினும், குறிப்பாக 2006 முதல் 2014 வரை வெளிவந்த பல மடிக்கணினிகளில் முடியும். அவற்றை எவ்வாறு அடையாளம் காண்பது? மாற்றும்போது எவையெல்லாம் பொருந்த வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை காண்போம்.

ஊசிகளும் உருண்டைகளும்

செயலி என்பது கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் செதுக்கப்பட்ட சிலிக்கன் துண்டு. விரல் நகமளவே உள்ள இத்துண்டு, சற்றுப் பெரிய ஒரு பச்சை நிறத் தகட்டின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரமும் செய்திகளும் இத்தகட்டின் அடிப்பக்கம் வழியாகவே உள்ளே வந்து வெளியே செல்கின்றன. ஆகவே தகட்டின் அடிப்பக்கத்தைத் தாய்ப்பலகையுடன் இணைக்க வேண்டும்.

இதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில், தகட்டின் அடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய ஊசிகள் சீப்பின் பற்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். தாய்ப்பலகையில் அதற்கு நேரான துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். ஊசிகளைத் துளைகளில் இறக்கி, பக்கத்திலுள்ள ஒரு திருகைத் திருப்பினால் போதும். சாக்கெட்டின் மேல்தட்டு சற்றே நகர்ந்து ஊசிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் திருப்பினால் பிடி தளரும். செயலியை விரலால் தூக்கி எடுத்துவிடலாம்.

இரண்டாவது முறையில் ஊசிகள் இல்லை. அவற்றின் இடத்தில் கடுகு போன்ற பற்றாசு உருண்டைகள், அதாவது சால்டர் உருண்டைகள், வரிசையாக ஒட்டியிருக்கும். தொழிற்சாலையில் சூடேற்றும்போது இவை உருகித் தாய்ப்பலகையுடன் ஒன்றிவிடுகின்றன. பிறகு அதை எடுக்கச் சிறப்பு வெப்பக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். வீட்டிலோ பள்ளியிலோ செய்யும் வேலை அன்று.

வியப்பு என்னவென்றால், பல சமயங்களில் ஒரே சிலிக்கன் துண்டைத்தான் ஊசி வடிவிலும் உருண்டை வடிவிலும் விற்றார்கள். மாற்ற முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானிப்பது மூளையின் திறமை அன்று. அது உட்கார்ந்திருக்கும் விதம்தான்.

ஓர் உதாரணம்: திங்க்பேட் டி60

2006ஆம் ஆண்டில் லெனோவோ நிறுவனம் திங்க்பேட் டி60 என்னும் மடிக்கணினியை வெளியிட்டது. அதன் தொடக்க மாதிரிகளில் இன்டெல் நிறுவனத்தின் 'கோர் டுவோ' செயலி இருந்தது. அதே ஆண்டின் ஜூலையில் இன்டெல் 'கோர் 2 டுவோ' செயலியை வெளியிட்டது. பெயரில் ஓர் எண் மட்டும் கூடியதுபோல் தோன்றினாலும் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் சுமார் 15 கோடி டிரான்சிஸ்டர்கள். பின்னதில் சுமார் 29 கோடி. முன்னது 32 பிட் செயலி. பின்னது 64 பிட் செயலி.

இந்த 32, 64 என்ற எண்களின் பொருள் என்ன? ஒரு தெருவில் வீட்டு எண்ணுக்கு இரண்டு இலக்கங்கள்தாம் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 00 முதல் 99 வரை நூறு வீடுகளுக்கே எண் கொடுக்கலாம். நூற்றோராவது வீடு கட்டினாலும் தபால்காரர் அங்கே போக வழியில்லை. கணினியின் நினைவகமும் அப்படித்தான். 0, 1 என்னும் இரண்டே குறிகளால் ஆன 32 இலக்க முகவரியைக் கொண்டு 2ஐ 32 முறை பெருக்கிவரும் அளவு இடங்களைக் குறிக்கலாம். அது 429,49,67,296, அதாவது 4 கிகாபைட். 64 இலக்கம் என்றால் இந்த எல்லை நாம் நினைத்தும் பார்க்க முடியாத தொலைவுக்குப் போய்விடும்.

நடைமுறையில் இன்னொரு விளைவும் உண்டு. 64 பிட் செயலிக்கென்று எழுதப்பட்ட நிரல், 32 பிட் செயலியில் தொடங்கவே தொடங்காது. நிரல் எழுதுவோர் இப்போது 32 பிட்டைக் கைவிட்டு வருகிறார்கள். லினக்ஸுக்கான குரோம் உலாவி 2016இல் 32 பிட்டை விட்டது. பழைய கணினிகளின் புகலிடம் எனப்படும் டெபியன் லினக்ஸும், 2025 ஆகஸ்டில் வெளியான தன் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் தொகுப்பைத் தரவில்லை. எனவே, கோர் டுவோ உள்ள ஒரு டி60 எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அதற்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன.

ஆனால் டி60இல் செயலி ஊசி வடிவில் சாக்கெட்டில் இருக்கிறது. கோர் டுவோ டி2300ஐ எடுத்துவிட்டுக் கோர் 2 டுவோ டி7200ஐப் பொருத்தினால், அதே இயந்திரம் 64 பிட் கணினியாகிவிடும்! மூடிய கதவு திறந்துவிடும். 35 மில்லிமீட்டர் சதுரமான ஒரு வில்லை செய்யும் வேலை இது.

நான்கு பொருத்தங்கள்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். செயலி மாற்றுவதற்கு நான்கு பொருத்தங்கள் போதும். ஆனால் நான்கும் கட்டாயம் பொருந்த வேண்டும்.

முதலாவது, சாக்கெட் பொருத்தம். டி60இல் இருப்பது 'சாக்கெட் எம்'. 2007இல் வந்த மடிக்கணினிகளில் இருப்பது 'சாக்கெட் பி'. இரண்டிலும் ஊசிகளின் எண்ணிக்கை 478தான். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எனினும் ஊசிகளின் அமைப்பு வேறு. ஒன்றின் செயலி மற்றதில் வேலை செய்யாது. ஊசிகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சாக்கெட்டின் பெயரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பஸ் பொருத்தம். செயலியும் தாய்ப்பலகையிலுள்ள சிப்செட் என்னும் துணைச் சில்லுகளும் ஒரே தாளத்தில் பேசிக்கொள்ள வேண்டும். டி60இல் இந்தத் தாளம் விநாடிக்கு சுமார் 16.6 கோடித் துடிப்புகள், அதாவது 166 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு முறை செய்தி செல்வதால் இதை '667 மெகாஹெர்ட்ஸ் பஸ்' என்பார்கள். செயலி இத்தாளத்தைத் தனக்குள் பெருக்கிக்கொள்கிறது. டி2300 பத்தால் பெருக்குகிறது. அதன் வேகம் 1.66 கிகாஹெர்ட்ஸ். டி7200 பன்னிரண்டால் பெருக்குகிறது. அதன் வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். பெருக்கும் எண் வேறானாலும் தாளம் ஒன்றே. அதனால்தான் இவை இடம் மாறிக்கொள்ள முடிகிறது.

தாளம் வேறானால் என்ன ஆகும்? 2007இல் வந்த திங்க்பேட் டி61இன் சிப்செட்டுக்கு 800 மெகாஹெர்ட்ஸ் பஸ்தான் உச்சம். 2008இல் வந்த சில கோர் 2 டுவோ செயலிகளுக்கு 1066 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேண்டும். இரண்டும் சாக்கெட் பிதான். ஊசிகள் அழகாக இறங்கும். ஆனால் கணினி எழுந்திருக்காது.

மூன்றாவது, வெப்பப் பொருத்தம். செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தைச் செப்புத் தகடும் வெப்பக் குழாயும் சிறு விசிறியும் சேர்ந்து வெளியேற்றுகின்றன. ஒவ்வொரு செயலிக்கும் இத்தனை வாட் வெப்பத்தை அகற்ற வேண்டும் என்ற கணக்கு உண்டு. டி2300க்கு 31 வாட். டி7200க்கு 34 வாட். வேறுபாடு மூன்றே வாட்; பழைய விசிறியே தாங்கிக்கொள்ளும். ஆனால் 35 வாட் செயலிக்காக அமைந்த மடிக்கணினியில் 45 வாட் செயலியைப் பொருத்தினால்? கடும் வேலையின்போது வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும். செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு எட்டாமல் போகும்.

நான்காவது, பயாஸ் பொருத்தம். கணினியை இயக்கியவுடன் முதலில் விழித்தெழும் சிறு நிரலே பயாஸ். அது செயலியை அடையாளம் கண்டு அதற்குரிய தொடக்கக் கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். 2011இல் வந்த திங்க்பேட் டி420ஐப் பாருங்கள். 2012இல் வந்த செயலிகள் சில அதன் சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தும். ஆயினும் தயாரிப்பாளர் கொடுத்த பயாஸுக்கு அவற்றைத் தெரியாது; இயந்திரம் இயங்காது. டி60 விஷயத்தில் தொல்லை இல்லை. ஏனெனில் அதன் பிந்தைய மாதிரிகள் கோர் 2 டுவோவுடனேயே விற்கப்பட்டன. பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் போதும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: பழைய செயலி இருக்கும்போதே பயாஸை மாற்றிவிட வேண்டும். புதியதைப் பொருத்திவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பயாஸை மாற்றக் கணினி இயங்க வேண்டுமே!

மாறாதது எது?

மூளையை மாற்றியதால் எல்லாம் மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். டி60க்கு 64 பிட் செயலி வந்தாலும் அதன் சிப்செட் பழையதுதான். இரண்டு 2 கிகாபைட் நினைவகப் பலகைகளைச் செருகினாலும் சுமார் 3 கிகாபைட்டையே அது பயன்படுத்தும். தபால்காரருக்கு நீண்ட முகவரிகளைப் படிக்கத் தெரிந்துவிட்டது; ஆனால் ஊரின் சாலைகள் பழைய எல்லையோடு நின்றுவிடுகின்றன. டி60இல் இதற்கு மாற்று இல்லை.

மற்றொன்று. கணினி மெதுவாக இயங்குவதற்கு எப்போதும் செயலியே காரணம் அன்று. சுழலும் ஹார்டு டிஸ்கின் தாமதமும் நினைவகக் குறைவும் பல நேரங்களில் காரணமாக இருக்கும். முதலில் அவற்றைச் சரிசெய்து பார்ப்பதே அறிவுடைமை. மருத்துவர் நோயை அறிந்த பிறகல்லவா மருந்து எழுதுகிறார்!

அடையாளம் காண்பது எப்படி?

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய மடிக்கணினிகள் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் செயலி மாற்றத்தக்கது எது என்று அறியச் சில வழிகள் உண்டு.

ஆண்டைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். இன்டெல் செயலி உள்ளவற்றில் 2006இல் சாக்கெட் எம். 2007 முதல் 2009 வரை சாக்கெட் பி. அடுத்து 2010 வாக்கில் ஜி1. 2011, 2012 ஆண்டுகளில் ஜி2. 2013, 2014இல் ஜி3. திங்க்பேட் வரிசையில் டி60, டி61, டி400, டி410, டி420, டி430 ஆகியவை இந்த வரிசையில் வருபவை. டெல் லாட்டிட்யூட் இ6400, இ6420, எச்.பி. எலைட்புக் 8460பி ஆகியவற்றிலும் செயலி சாக்கெட்டில்தான் இருக்கிறது. பொதுவாக, அலுவலகப் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்ட தடிமனான இயந்திரங்களே இவ்வகையில் அதிகம்.

ஆண்டு மட்டும் போதாது. 2013இல் வந்த திங்க்பேட் டி440பியில் சாக்கெட் உண்டு; பெயரில் ஓர் எழுத்தே வேறுபடும் மெல்லிய டி440எஸ்ஸில் செயலி பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

செயலியின் பெயரிலுள்ள எழுத்துகளும் உதவும். கோர் 2 டுவோ வரிசையில் எண்ணுக்கு முன் 'டி' என்றிருந்தால் சாக்கெட்டில் இருக்க வாய்ப்பு மிகுதி. 'எல்', 'யு' என்று தொடங்குபவை மின்சாரச் சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டுப் பற்றவைக்கப்பட்டவை. பின்னர் வந்த ஐ5, ஐ7 வரிசையிலும் எண்ணுக்குப் பின் 'யு' என்று முடிந்தால் அது பற்றவைக்கப்பட்டதே. 2013ஆம் ஆண்டு வரிசையில் 'எம்க்யூ' என்று முடிபவை ஊசி உடையவை. 'எச்க்யூ' என்று முடிபவை உருண்டை உடையவை.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க சான்று, தயாரிப்பாளர் வெளியிடும் பழுதுபார்ப்புக் கையேடு. அதில் உதிரிப் பாகங்களின் பட்டியலைப் பாருங்கள். செயலி தனிப் பாகமாக, கழற்றும் முறையுடன் கொடுக்கப்பட்டிருந்தால் அது சாக்கெட்டில் இருக்கிறது. 'செயலியுடன் கூடிய தாய்ப்பலகை' என்று மட்டுமே இருந்தால் மாற்ற வழியில்லை.

மாற்றும்போது

கணினி ஆசிரியரோ பழுதுபார்க்கத் தெரிந்த பெரியவரோ உடன் இருக்கும்போதே இவ்வேலையைச் செய்ய வேண்டும். முதலில் மின்இணைப்பையும் பாட்டரியையும் எடுத்துவிடுங்கள். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு எமன்; ஆகவே கையோடு தரைஇணைப்புப் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். டி60இல் விசைப்பலகையையும் விசிறித் தொகுதியையும் கழற்றினால் செயலி தெரியும். சாக்கெட்டின் திருகைத் திருப்பி, செயலியைச் செங்குத்தாக மேலே தூக்க வேண்டும். புதியதை வைக்கும்போது மூலையிலுள்ள முக்கோணக் குறி சாக்கெட்டின் குறியோடு சேர வேண்டும். அழுத்தவே தேவையில்லை, தன் எடையிலேயே இறங்கும். இறங்காவிட்டால் எங்கோ ஓர் ஊசி வளைந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு செயலியின் மேல் வெப்பப் பசையைத் தடவ வேண்டும். இது எதற்கு? வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. இரண்டு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் பள்ளங்களில் காற்று அடைபடும். செம்பு, காற்றைப்போல் சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதாவது, இடையே இருக்கும் காற்று ஒரு கம்பளிபோலத் தடுக்கும். அதை விரட்டி அந்த இடத்தை நிரப்புவதே பசையின் வேலை. மெல்லிய பூச்சு போதும். இவ்வகைச் செயலிகளில் சிலிக்கனுக்கு மேல் உலோக மூடி இல்லை. விசிறித் தொகுதியை ஒரு பக்கமாக அழுத்தினால் மூலை உடைந்துவிடும். எனவே திருகுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

ஏன் மறைந்தன?

இவ்வளவு வசதியான சாக்கெட் ஏன் மறைந்தது? அதன் உயரம் சில மில்லிமீட்டர். பையில் எடுத்துச் செல்ல மெல்லிய இயந்திரமே வேண்டும் என்று மக்கள் விரும்பியபோது அந்தச் சில மில்லிமீட்டர் பெரிதாகத் தெரிந்தது. பற்றவைத்தால் ஒரு பாகத்தின் செலவும் மிச்சம். 2014, 2015 ஆண்டுகளில் வந்த இன்டெலின் அடுத்த தலைமுறை மடிக்கணினிச் செயலிகள் உருண்டை வடிவில் மட்டுமே வந்தன. அத்துடன் ஒரு காலம் முடிந்தது.

மெல்லிய இயந்திரம் வேண்டும் என்பது நியாயமான விருப்பம்தான். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் கால் பங்குக்கும் குறைவே. ஒரு பாகம் பழையதானால் முழுப் பொருளையும் எறிவது என்னும் வழக்கம் இக்குவியலை வளர்க்கிறது.

இதை உணர்ந்த சிலர் வேறு வழி தேடுகிறார்கள். 2021இல் அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் ஒரு மடிக்கணினியை வெளியிட்டது. அதிலும் செயலி பற்றவைக்கப்பட்டதே. ஆனால் தாய்ப்பலகை முழுவதையும் கழற்றிவிட்டு, அடுத்த தலைமுறைச் செயலி கொண்ட பலகையை அதே உடலில் பொருத்திக்கொள்ளலாம். திரையும் விசைப்பலகையும் அப்படியே இருக்கும். சைக்கிள் கடைக்காரர் அறிந்திருந்த உண்மை, இவ்வாறு வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒதுக்கி வைத்திருக்கும் மடிக்கணினி ஒன்றின் மாதிரிப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடி எடுங்கள். செயலியின் பெயர், சாக்கெட், பஸ், வாட் அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தெந்தச் செயலிகளுடன் அந்த மாதிரி விற்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு மாற்று மூளை உண்டா, இல்லையா என்பது திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.